அட்டவணை விமானமா, முதலாளியின் விமானமா?

பீளமேட்டு ஓடுபாதையின் அருகே குடியிருக்கும் நம் மக்களுக்கு ஆகாய விமானம் வியப்புக்குரிய பொருளன்று. தலைக்கு மேலே செல்லும் ஓசையைக் கேட்டே, சென்னை விமானம் இன்று தாமதம் என்று சொல்லிவிடும் பாட்டிமார்களை நாம் அறிவோம். கிழக்கே சற்றுத் தொலைவில் சூலூரில் விமானப்படைத் தளம். ஆயினும் ஒரு தலைமுறைக்கு முன்வரை நம் பிள்ளைகளின் கனவு பஞ்சாலை மேற்பார்வையாளர் பதவியோடும், பம்புத் தொழிற்சாலை வேலையோடும், மிஞ்சினால் வளைகுடா நாட்டு உத்தியோகத்தோடும் நின்றுவிட்டது. இன்றோ விமானி உரிமம் பெற்ற ஆண்மக்களும் பெண்மக்களும் கொங்கு நாட்டுக் குடும்பங்களில் உண்டு. ஆகவேதான் பெற்றோர் சிலர் நம்மிடம் ஒரு புதுக் கேள்வியோடு வருகின்றனர்: "சாமி, பையனுக்கு ரெண்டு எடத்துலயும் கூப்புடறாங்க, எதுக்கு அனுப்பறதுங்க?"

அந்த இரண்டு இடங்கள் எவை என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். ஒன்று, கால அட்டவணைப்படி பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானக் கம்பெனி. டிக்கெட் வாங்கிய எவரும் ஏறலாம். ஆள் குறைவாக இருந்தாலும் குறித்த வேளையில் புறப்பட வேண்டும். மற்றொன்று, பெருந்தொழில் குழுமம் ஒன்று தன் முதலாளிகளுக்காகவும் உயர் அதிகாரிகளுக்காகவும் வைத்திருக்கும் சிறு விமானம், அல்லது அத்தகையோருக்கு விமானத்தை வாடகைக்கு விடும் நிறுவனம். காலையில் தில்லிக்குச் சென்று, அலுவலை முடித்து, இரவு உணவுக்கு வீடு திரும்ப விரும்பும் தொழிலதிபருக்கு இவ்வசதி தேவைப்படுகிறது. முற்றிலும் சொந்த உபயோகத்துக்கெனப் பதிவு செய்த விமானத்தில் கட்டணம் வாங்கி எவரையும் ஏற்றக் கூடாது. வாடகைக்கு விடுவோர் அதற்கெனத் தனி அனுமதி பெற வேண்டும். மகன் சேரவிருக்கும் இடம் இவற்றுள் எது என்பதைக்கூட விசாரியாத தந்தையரைக் கண்டிருக்கிறோம். பெண் கொடுக்குமுன் ஏழு தலைமுறையை விசாரிக்கிற ஊர் நம்முடையது என்பதை நினைக்கையில் இது நமக்கு வியப்பாகவே இருக்கிறது!

அடுத்துப் பணம். வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கே இந்நாளில் 50 இலட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதன்பின் குறிப்பிட்ட ஒரு வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனிப்பயிற்சியும் சேர்ந்தால் செலவு ஒரு கோடியை எட்டுவதும் உண்டு. நம்மவர்கள் இதற்குத் தோட்டத்தை அடகு வைக்கின்றனர். சிலர் விற்றும் விடுகின்றனர். இந்தக் கடனை வாசகர்கள் நினைவில் இருத்திக் கொள்ள வேண்டுகிறோம். எவ்விடத்தில் எவ்வளவு சம்பளம் என்பதைவிட இதுவே பெரிய விஷயம் என்பது நம் கருத்து. காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

இருபத்திரண்டு வயதில் உரிமத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு, உண்மையில் இரண்டு கதவுகளும் ஒரேயளவு திறந்திருப்பதில்லை. சிறு விமானத்தின் உரிமையாளர் பழகிய கையையே தேடுவார். காப்பீட்டுக் கம்பெனியும் அதையே கேட்கும். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இவ்வேலைகளில் பலர் இருப்பதன் காரணம் இதுதான். மேலும், கேப்டனாவதற்கு வேண்டிய உயர்நிலை உரிமத்திற்கு 1500 மணி நேரம் பறந்த அனுபவம் தேவை. விமானக் கம்பெனியில் ஓய்வின்றிப் பறக்கும் துணை விமானி சில ஆண்டுகளிலேயே அக்கணக்கை எட்டிவிடுவார். முதலாளியின் விமானமோ பல நாள் கொட்டகையிலேயே நிற்கும். அங்கே இளைஞன் சம்பளம் வாங்குவான், மணிக்கணக்கு ஏறாது. ஆகவே தொடக்கத்தில் பெரும்பாலோருக்கு வழி ஒன்றே. உண்மையான தேர்வு முப்பத்தைந்து, நாற்பது வயதில், மனைவி மக்களோடு இருக்கும்போதுதான் வருகிறது.

விமானக் கம்பெனி வேலை அரசாங்க உத்தியோகம் போன்று நிலையானது என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. நம் வட்டாரத்திலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஏர் கார்னிவல் 2016 ஜூலையில் பறக்கத் தொடங்கி, மறு ஆண்டிலேயே நின்றுபோனது. மதுரையைச் சேர்ந்த ஜவுளிக் குழுமம் ஒன்று 2005ல் தொடங்கிய பாரமவுண்ட் 2010ல் நின்றது. அகில இந்திய அளவிலோ கிங்ஃபிஷர் 2012லும், ஜெட் ஏர்வேஸ் 2019லும், கோ ஃபர்ஸ்ட் 2023லும் பறப்பதை நிறுத்தின. ஜெட் ஏர்வேஸ் விமானிகள் மாதக்கணக்கில் சம்பளம் இன்றியே பறந்தனர் என்பதை நாளேடுகளில் படித்திருப்பீர்கள்.

இதில் வெளியார் அறியாத இழப்பு ஒன்று உண்டு. விமானக் கம்பெனியில் கேப்டன் பதவியும், வேண்டிய ஊரில் இருப்பதும், விடுமுறையும் பெரும்பாலும் சேர்ந்த நாளின் வரிசைப்படி அமைவன. கம்பெனி மூழ்கினால் அந்த வரிசையும் மூழ்கும். பதினைந்து ஆண்டு பறந்தவர் வேறிடம் சென்றால் வரிசையின் கடைசியில் நிற்க நேரிடும். தாமே விலக நினைத்தாலும் எளிதன்று: கேப்டனாயின் ஓராண்டும், துணை விமானியாயின் ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டுமென 2017ல் அரசு விதித்தது.

அப்படியானால் முதலாளியின் விமானம் நிலையானதா? கோவைக்கு நெருங்கிய உதாரணம் ஒன்று கூறுவோம். 'தி இந்து' நாளேடு 1963ல் தனக்கெனச் சொந்த விமானங்களை வாங்கியது. சென்னையில் அச்சாகும் இதழை விடிவதற்குள் தொலைநகரங்களில் சேர்ப்பதற்காகவே அவை பறந்தன. இந்தியாவில் வேறெந்த நாளேடும் அதற்குமுன் செய்யாத காரியம் அது. ஆறே ஆண்டுகள் சென்றன. 1969ல் பக்கங்களின் நகலைத் தொலைத்தொடர்பு வழியே அனுப்பி, வெளியூரிலேயே அச்சிடும் முறை வந்தது; அது முதலில் வந்த ஊர் நம் கோவை. செய்தித்தாளைச் சுமக்க விமானம் தேவைப்படாத காலம் அன்றே தொடங்கிவிட்டது. அவ்விமானங்களை ஓட்டியவர்கள் எந்தக் குற்றமும் செய்தவர்களல்லர். நிறுவனத்தின் தேவை மாறியது, அவ்வளவே. முதலாளியின் விமானத்துக்கு எப்போதும் இந்த நிலைதான். வியாபாரம் மந்தமானால் கணக்கப்பிள்ளையின் கண்ணில் முதலில் படும் செலவு அது. மூத்தவர் காலமாகி மக்கள் பாகம் பிரித்துக் கொண்டால், தோட்டத்துக்கு முன்னே விற்கப்படுவதும் அதுவே. அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி பெற்றவரை, அதே வகை வைத்திருக்கும் இன்னொருவர் அழைத்தாலன்றி, அத்தகுதியால் பெரும்பயன் இல்லை.

அன்றாட வாழ்விலும் இரண்டும் வேறு வேறு உலகங்கள். விமானக் கம்பெனியின் விமானி தம் இருக்கைக்கு வருமுன்பே எரிபொருள் கணக்கும், வானிலைக் குறிப்பும், பயண வழியும் பிறரால் ஆயத்தம் செய்யப்பட்டிருக்கும். அவர் சரிபார்த்துக் கையொப்பமிடுகிறார். ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்கி, நான்கு ஊர்களைக் கண்ணாடி வழியாக மட்டும் கண்டு, வந்த இடத்துக்கே திரும்புகிறார். முதலாளியின் விமானியோ எல்லாவற்றுக்கும் ஆள். எரிபொருள் வண்டியை அழைப்பதும், அனுமதி பெறுவதும், சில வேளைகளில் பெட்டிகளை ஏற்றுவதும், சிற்றுண்டி வந்ததா என்று பார்ப்பதும் அவரே. ஓசூரில் தனியார் விமானத் தொழிற்சாலைக்குரிய ஓடுபாதை போன்ற சிறு தளங்களிலும் இறங்க வேண்டிவரும். வேலையில் சலிப்பில்லை, ஊர்கள் பல, மரியாதையும் உண்டு என்று இவ்வழியை விரும்பிச் செல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். நல்ல முதலாளியிடம் அமைந்தவர், வீட்டுப் பிள்ளையைப் போல் இருபது ஆண்டு இருந்துவிடுவதும் உண்டு.

வீட்டு வாழ்வு எங்கே நன்றாக அமையும் என்று தாய்மார்கள் கேட்கின்றனர். அட்டவணை விமானிக்கு அடுத்த வாரம் எங்கே இருப்போம் என்பது பெரும்பாலும் தெரியும். ஆனால் ஞாயிறும், கிறிஸ்து பிறப்பு விழாவும், தங்கையின் திருமணமும் அந்தப் பட்டியலுக்குத் தெரியா. களைப்பும் பெரிது. ஆண்டுக்கு 1000 மணி நேரத்துக்கு மேல் பறக்கலாகாது என்ற வரம்பு இருக்கிறது. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய விதி 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இரவுப் பணியைக் குறைக்கும் பகுதி அவ்வாண்டு நவம்பரில் வந்தது. அதற்கேற்ற எண்ணிக்கையில் விமானிகளை ஆயத்தம் செய்யாத காரணத்தால், டிசம்பரில் இண்டிகோ கம்பெனியின் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாகி, நாடெங்கும் மக்கள் நிலையங்களில் தவித்தனர். விமானியின் உறக்கம் எத்துணை விலையுள்ளது என்பதை அன்று பலர் முதன்முறையாக உணர்ந்திருப்பர். முதலாளியின் விமானி பறக்கும் மணி குறைவு. ஆனால் காத்திருக்கும் மணி அதிகம். மாதத்தில் பாதி நாள் வீட்டிலிருப்பார். அந்த நாள்களிலும் தொலைபேசியின் மேல் ஒரு கண் வைத்தே உணவருந்துவார். பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறேன் என்று வாக்களிக்க அஞ்சும் தந்தை, வீட்டில் இருந்தும் பாதியே இருக்கிறார்.

இவையெல்லாம் எப்படியேனும் சமாளிக்கக் கூடியவை. நாம் அதிகம் கவலை கொள்வது வேறொன்றில். வானிலை கெட்டிருக்கும்போது "இன்று போக முடியாது" என்று சொல்ல வேண்டியவர் விமானி. சட்டமும் அந்த அதிகாரத்தை அவருக்கே தருகிறது. விமானக் கம்பெனியில் அவர் அதைச் சொல்வது, முகம் தெரியாத 180 பயணிகளுக்கு. அவர்கள் முணுமுணுப்பார்கள், நாளை மறந்துவிடுவார்கள். கம்பெனிக்கு நட்டமாயினும் விதிப்புத்தகம் விமானியின் பக்கம் நிற்கும். முதலாளியின் விமானத்தில் அதே சொல்லைக் கேட்பவர், மூன்றடி பின்னால் அமர்ந்திருக்கும் சம்பளம் தருபவர். அவருக்குக் கூட்டம் காத்திருக்கிறது, முகூர்த்தம் காத்திருக்கிறது, மந்திரி காத்திருக்கிறார். "போன வாரம் இதைவிட மோசமான மழையில் போனோமே" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது பாரந்தான்.

2001 செப்டம்பர் 30 அன்று மாதவராவ் சிந்தியா கான்பூர்க் கூட்டத்துக்குச் சென்ற சிறு விமானம், மோசமான வானிலையில் உத்தரப் பிரதேசத்தின் மெயின்புரி அருகே வீழ்ந்து எட்டுப் பேர் மாண்டனர். 2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டியின் ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் மழைக்கிடையே வீழ்ந்தது. நம் சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிப் புறப்பட்ட விமானப்படை ஹெலிகாப்டர், 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே வீழ்ந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவரோடு சென்றோரும் உயிரிழந்த துயரம் கொங்கு நாட்டார் எவருக்கும் மறவாது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி மேகத்தினுள் புகுந்ததை விசாரணை குறிப்பிட்டது. இவற்றுள் எவரேனும் விமானியை வற்புறுத்தினார் என்று நாம் கூறவில்லை. அதற்கு ஆதாரமும் இல்லை. பெரிய மனிதரை ஏற்றிய சிறு வாகனமும், கெட்ட வானிலையும் சேர்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கே சொன்னோம். அந்த வேளையில் "முடியாது" என்ற ஒரு சொல் எத்தனை குடும்பங்களைக் காக்கும்!

கடனைப் பற்றி முன்பு சொன்னதன் காரணம் இதுதான். மாதம் ஒன்றுக்கு ஓர் இலட்சம் வட்டியும் முதலும் கட்ட வேண்டிய விமானி, வேலை போனால் தந்தையின் தோட்டம் ஏலத்துக்குப் போகும் என்பதை அறிந்த விமானி, கறுத்த மேகத்தைக் கண்டு "முடியாது" என்று எளிதில் சொல்வாரா? வாய் திறக்குமுன் வங்கியின் கடிதம் நினைவுக்கு வரும். நாம் எத்தனை நல்ல பிள்ளையாக வளர்த்திருந்தாலும், கழுத்தில் அத்தனை பெரிய கல்லைக் கட்டிவிட்டு மனச்சாட்சிப்படி நட என்பது நியாயமன்று. ஆகவே நம் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்: கடன் தீரும்வரை அட்டவணை விமானம். அக்கம்பெனியும் கவிழக்கூடும், உண்மை. ஆனால் அங்கே மறுப்பதற்காக ஒருவரை அவ்வளவு எளிதில் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. கடன் தீர்ந்து, கேப்டன் தகுதியும் பெற்று, ஆறு மாதச் செலவுக்குப் பணமும் ஒதுக்கியபின், மனம் விரும்பினால் முதலாளியின் விமானத்துக்குச் செல்லட்டும். இரண்டாவது மகனின் படிப்பையும் பெண்ணின் திருமணத்தையும் அந்தச் சம்பளத்தின் மீதே ஏற்றி வைக்கும் பெற்றோருக்கு இது கசக்கும் என்பதை அறிவோம்.

அவ்வாறு செல்பவர் கையொப்பமிடுமுன் சிலவற்றை வெட்கமின்றிக் கேட்க வேண்டும். வானிலையைக் காரணம் காட்டிப் பயணத்தை நிறுத்தும் உரிமை விமானிக்கே என்று நிறுவனத்தின் நடைமுறை நூலில் எழுதியிருக்கிறதா? இரண்டு விமானிகள் எப்போதும் உண்டா, அல்லது ஒருவர் விடுப்பென்றால் மற்றவர் தனியே பறக்க வேண்டுமா? ஆண்டுதோறும் சிமுலேட்டர் பயிற்சிக்கு அனுப்புகிறார்களா? மருத்துவத் தகுதி இழந்தால் ஈடு தரும் காப்பீடு உண்டா? இவற்றுக்குக் கிடைக்கும் விடைகளைவிட, கேட்கும்போது எதிரிலிருப்பவரின் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் கவனிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்நிறுவனத்தில் முன்பு பறந்து விலகிய விமானி ஒருவரைத் தேடிப்பிடித்து, எதற்காக விலகினார் என்று கேட்க வேண்டும். விமானிகளின் உலகம் சிறியது. இரண்டு தொலைபேசி அழைப்புகளில் ஆள் கிடைத்துவிடுவார்.