வீட்டு வரியை ஏற்றியது யார்?

காரைக்குடி 1928-ல் நகராட்சியானது. 2024 ஆகஸ்டில் மாநகராட்சியானது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம், அரியக்குடி உள்ளிட்ட ஊராட்சிகளும் அதோடு சேர்ந்தன. ஊருக்கு இது பெருமை என்று சொல்பவர்கள் உண்டு, இருக்கட்டும். ஊராட்சிக்குள் இருந்த ஒரு குடும்பத்துக்கு இந்த ஒரே முடிவு வரவையும் செலவையும் சேர்த்து மாற்றுகிறது. ஊராட்சி வீட்டு வரி குறைவு, மாநகராட்சி சொத்து வரி அதிகம். அதோடு, 2005-ம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டுமே பொருந்தியது என்பதால், மாநகராட்சிக்குள் வந்த ஊருக்கு நூறு நாள் வேலை இல்லாமல் போனது. 2024-25-ல் தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய். நூறு நாளும் முழுதாகக் கிடைப்பது அபூர்வம்தான். பாதி நாள் கிடைத்திருந்தாலும் ஆண்டுக்கு 15,950 ரூபாய். மாதம் ஆயிரம் வீதம் மகளிர் உரிமைத் தொகையாக அந்த ஆண்டு முழுதும் வந்த 12,000-ஐ விட அது அதிகம். தமிழ்நாட்டின் பல ஊராட்சிகளில் இப்படிப்பட்ட இணைப்புக்கு எதிர்ப்பு எழுந்தபோது முன்வைக்கப்பட்ட முக்கியக் காரணங்களும் இவை இரண்டுதான்: வரி ஏறும், வேலை போகும்.

இதை யாரிடம் கேட்பது? எந்த ஊர் எதோடு சேரும் என்பது மாநில அரசின் அறிவிக்கை, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று ஊராட்சி கைவிரிக்கலாம். நூறு நாள் வேலையின் எல்லையை வகுத்தது நாடாளுமன்றம் என்று மாநிலம் சொல்லலாம். நகரமாக்கியது நீங்கள்தானே என்று டெல்லி திருப்பிக் கேட்கலாம். மூன்று பதிலும் உண்மை. மூன்றும் உண்மையாக இருப்பதுதான் சிக்கல். வரி பற்றியும் அரசு உதவி பற்றியும் நாம் போடும் சண்டை பெரும்பாலும் 'யார் கட்டுகிறார்கள், யார் வாங்கித் தின்கிறார்கள்' என்பதிலேயே சுற்றி வருகிறது. அதைவிட அவசரமான கேள்வி, முடிவை எடுத்தவர் யார், அவர் எங்கே கணக்குக் காட்டுகிறார் என்பது. அது தெளிவாக இல்லாத இடத்தில் வரி கட்டுபவரும் ஏமாறுகிறார், உதவி பெறுபவரும் ஏமாறுகிறார்.

சொத்து வரியையே எடுத்துக்கொள்வோம். 2018-ல் தமிழ்நாட்டில் வரி உயர்த்தப்பட்டது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. நகர்ப்புறத் தேர்தல் ஒருவழியாக 2022 பிப்ரவரி 19-ல் நடந்தது. ஆறு வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 1-ல் புதிய உயர்வு அறிவிக்கப்பட்டது. சென்னை தவிர்த்த நகரங்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. அதிமுக ஆட்சி தேர்தலுக்கு முன் நிறுத்தியது, திமுக ஆட்சி தேர்தலுக்குப் பின் ஏற்றியது. இரண்டிலும் வாக்காளரின் தீர்ப்பு வரியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. காரணம் கேட்டபோது 15-வது நிதிக்குழுவைக் காட்டினார்கள். அதுவும் பொய்யில்லை. நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் கீழ்வரம்பு அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதாரம் வளர்வதற்கு ஏற்ப வசூலும் வளர வேண்டும் என்று அந்தக் குழு நிபந்தனை வைத்திருந்தது. நிபந்தனையில் எனக்குக் குறை தெரியவில்லை. பல ஆண்டுகள் தொடாமல் விட்டு ஒரே அடியாக இரட்டிப்பதைவிட ஆண்டுதோறும் கொஞ்சமாக ஏற்றுவது நியாயமானதே. ஆனால் அந்த நிபந்தனையைத் தேர்தலுக்கு முன்பே மக்கள் முன் வைத்து வாக்குக் கேட்டிருக்கலாம். வார்டுக்கு நின்றவர்களில் அதைச் சொல்லி வாக்குக் கேட்டவர் எத்தனை பேர்?

காரைக்குடி இருக்கும் செட்டிநாட்டில் இந்த வரிக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. பரப்பை வைத்து விகிதம் ஏறும்போது மேல் அடுக்கில் விழுபவை முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் வீடுகள். அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. ஒரே வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்கு, பங்கு. பங்காளிகளோ சென்னையில், பெங்களூரில், மலேசியாவில், சிங்கப்பூரில். அதிக வரி கட்டும் வீட்டின் சொந்தக்காரருக்கு அந்த வார்டில் வாக்கு இல்லை. வாக்கு உள்ள வாடகைக்காரரின் பெயரில் வரி ரசீது இல்லை. அவர் கட்டும் பங்கு வாடகைக்குள் ஒளிந்திருக்கிறது. கேள்வி கேட்க வேண்டிய இருவரும் இப்படிப் பிரிந்து கிடப்பது நகர மன்றத்துக்கு வசதி.

டெல்லியை நோக்கிய சண்டை இதைவிடச் சத்தமானது. மத்திய வரிப் பகிர்வில் தமிழ்நாட்டின் பங்கு 13-வது நிதிக்குழுவில் 4.969 சதவீதம், 14-வது குழுவில் 4.023, 15-வதில் 4.079. பங்கு குறைந்தது பற்றிய புகார் நியாயமானது. அதைவிடப் பெரிய ஓட்டை, பகிர்வுக்கே வராத செஸ்ஸும் கூடுதல் வரியும். 2000-ம் ஆண்டின் 80-வது அரசமைப்புத் திருத்தம் இவற்றைப் பகிர்வுக்கு வெளியே நிறுத்தியது. இங்கே காரைக்குடி அடங்கிய சிவகங்கைத் தொகுதி தன் கணக்கையும் பார்க்க வேண்டும். 2004 ஜூலையில் 2 சதவீதக் கல்வி செஸ்ஸைக் கொண்டுவந்த நிதியமைச்சர் ப.சிதம்பரம், அன்றைக்குச் சிவகங்கையின் மக்களவை உறுப்பினர், கண்டனூர்க்காரர். 2007-ல் இடைநிலை, உயர்கல்விக்கென்று இன்னும் 1 சதவீதம் சேர்ந்தது. கல்விக்கு என்றால் யார் மறுப்பார்? ஆனால் 2006-07 முதல் 2016-17 வரை அந்த 1 சதவீதத்தின் வழியாக வசூலான 83,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகைக்குத் தனி நிதியமே அமைக்கப்படவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பின்னர் எடுத்துக்காட்டினார். அதற்குள் டெல்லியில் ஆட்சியும் மாறியிருந்தது. இரண்டு கூட்டணிகளும் அந்தப் பணத்தை வாங்கின, இரண்டும் நிதியத்தை மறந்தன. 2018 முதல் இது சுகாதாரத்தையும் சேர்த்துக்கொண்டு 4 சதவீதமாகி இன்றும் தொடர்கிறது. கட்சி பார்த்துத் திட்டுபவருக்கு இந்தக் கதை உதவாது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். வருமான வரி கட்டுபவர் சிலர்தான், அவர்கள் பணத்தை இலவசமாக வாரி இறைக்கும்போது கேட்கும் உரிமை அவர்களுக்குத்தானே? வருமான வரி கட்டுவோர் சிறு பகுதி என்பது சரி. வரி கட்டுவோர் சிறு பகுதி என்பது தவறு. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால்தான் உரிமைத் தொகை. அந்த ஆயிரம் ரூபாயை வாங்கும் பெண் கைபேசிக்கு ரீசார்ஜ் செய்தால் 18 சதவீத ஜிஎஸ்டி கட்டுகிறார். பேருந்துக்கும் காய்கறி வண்டிக்கும் ஊற்றும் டீசலில் மத்திய வரியும் மாநில வரியும் உண்டு. டாஸ்மாக் வருமானமும் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் கணிசமாகப் போகிறது. ரசீது கையில் இல்லாததால் அவர் வரி கட்டாதவர் ஆகிவிட மாட்டார்.

இன்னொரு மறுப்பு கனமானது: கையில் காசு கொடுத்தால் மக்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார்கள். உண்மையாக இருந்தால் கவலைப்பட வேண்டிய விஷயம். ஆனால் தமிழ்நாட்டின் தேர்தல் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வண்ணத் தொலைக்காட்சி கொடுத்த திமுக 2011-ல் தோற்றது. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்த அதிமுக அந்த மே மாதமே ஆட்சியை இழந்தது. சிவகங்கையையே பார்க்கலாம்: 2008-ல் நாடு முழுதும் 60,000 கோடி ரூபாய் விவசாயக் கடன் தள்ளுபடியை அறிவித்த நிதியமைச்சர், அடுத்த ஆண்டு சொந்தத் தொகுதியில் 3,354 வாக்கு வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். வாங்கிக்கொண்டு வேறு விதமாக வாக்களிக்க நம் மக்களுக்குத் தெரியும். அந்தத் தள்ளுபடியின் குறையை வெளியே கொண்டுவந்ததும் 'இலவசம்' என்ற வசவு இல்லை. 2013-ல் வந்த தணிக்கை அறிக்கைதான், சோதித்த கணக்குகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பிழை இருப்பதைச் சொன்னது. தகுதியில்லாதவருக்குப் போனதும், தகுதியுள்ளவருக்குக் கிடைக்காமல் போனதும் அதில் இருந்தன. அதே 2013-ல் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கை வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடத்தையாகாது என்று தீர்ப்பளித்து, நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை அறிக்கை சொல்ல வேண்டும் என்று ஆணையமும் நெறி சேர்த்தது. பெரும்பாலான கட்சிகள் அதைச் சடங்குக்குக்கூடப் பொருட்படுத்துவதில்லை.

மூன்று அடுக்கு அரசு இருக்கும் நாட்டில் பொறுப்பு பிரிந்துதான் கிடக்கும், என்ன செய்வது என்று கேட்கலாம். பிரிவது தவிர்க்க முடியாதது, மறைவது தவிர்க்கக்கூடியது. வியாபாரத்தில் மகமை என்று அறத்துக்கு ஒரு பங்கை ஒதுக்கி, கோயிலுக்குப் புள்ளி வரி கொடுத்துப் பழகிய ஊர்கள் இவை. அந்த வரியில் கொடுப்பவரும் செலவை முடிவு செய்பவரும் ஒரே வட்டத்தில் இருந்தார்கள். அந்த வட்டத்துக்குள் ஒரே சமூகம்தான் இருந்தது, வயலில் உழைத்தவருக்கு அங்கே இடம் இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். எல்லாருக்கும் இடம் உள்ள வட்டம் இன்று சட்டப்படி இருக்கிறது: 2022 முதல் நகரங்களில் வார்டுக் குழுவும் பகுதி சபையும் வந்துவிட்டன. கூட்டம் நடந்தாலும் குழாய், விளக்கு, சாக்கடையோடு பேச்சு முடிந்துவிடுவதுதான் குறை.

2022-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. காரைக்குடியில் வாக்குக் கேட்டு வருபவரிடம் இரண்டு கணக்கை எழுத்தில் கேளுங்கள்: நம் வார்டிலிருந்து போன சொத்து வரி எவ்வளவு, நம் வார்டில் செலவானது எவ்வளவு? சேர்க்கப்பட்ட ஊர்க்காரர்கள் மூன்றாவதாக ஒன்றையும் கேட்க வேண்டும்: போன வேலைக்கு ஈடாக மாநகராட்சி என்ன தரப்போகிறது, எந்த ஆண்டின் பட்ஜெட்டில்?