ஆலய ஒளிபரப்புக்கு ஏற்ற கணனி

1921ஆம் ஆண்டு ஜனவரி 2ஆந் திகதி, அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரிலுள்ள கல்வாரி ஆலயத்தின் மாலை வழிபாட்டைக் கே. டி. கே. ஏ. என்னும் வானொலி நிலையம் ஒலிபரப்பிற்று. ஆலய வழிபாடு வானொலியில் ஒலித்த முதல் நிகழ்ச்சி அதுவென்பர். கருவிகளை இயக்க வந்த பொறியியலாளர், வழிபடுவோரின் கவனம் சிதறாதிருக்கும் பொருட்டுப் பாடகர் குழுவின் அங்கியை அணிந்துகொண்டனராம். அன்று ஒரு பெரிய நிறுவனம் செய்த காரியத்தை, இன்று ஒரு சிற்றூர்ச் சபை மேசையொன்றின் மீது வைத்தே செய்துவிடலாம்.

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயினால் இலங்கையிலும் பிற நாடுகளிலும் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது, இணையவழி நேரடி ஒளிபரப்பு எங்கும் பரவிற்று. கதவுகள் திறந்த பின்னரும் அதன் தேவை ஒழியவில்லை. படுக்கையை விட்டெழ இயலாத மூதாட்டிக்கு அதுவே ஆலய வாசல். ஆயின், காணிக்கைப் பணத்தைக் கொண்டு எத்தகைய கணனியை வாங்குவது? விளையாட்டுக்கென அமைந்த விலையுயர்ந்த கணனிதான் வேண்டுமென்று பலர் கருதுகின்றனர். அது உண்மையா என அறிய, கணனி செய்யும் வேலையை முதலில் அறிதல் வேண்டும்.

முழுத் தெளிவுள்ள ஒரு படம் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகளால் ஆனது. ஒரு விநாடிக்கு 30 படங்கள்; புள்ளி ஒவ்வொன்றுக்கும் 24 பிட். பெருக்கினால் விநாடிக்கு ஏறக்குறைய 149 கோடி பிட் ஆகின்றது. இப்பெருவெள்ளத்தை விநாடிக்குச் சுமார் 50 இலட்சம் பிட் அளவிற்கு, அதாவது 300இல் ஒரு பங்காகச் சுருக்கி அனுப்புவதே கணனியின் பெரும் பணி.

முன்னர் இப்பாரத்தை மையச் செயலியே சுமந்தது. 2011ஆம் ஆண்டு முதல் இன்டெல் நிறுவனத்தின் செயலிகள் பலவற்றில், இதற்கென்றே 'குயிக் சிங்க்' எனும் தனியுறுப்பு அமைந்துள்ளது. ஆகவே, அலுவலகமொன்றில் பயன்பட்டுக் கைமாறி வரும் கணனியே ஒரு கமராவைக் கொண்ட ஒளிபரப்புக்குப் போதுமானது. ஒளிபரப்புக்குரிய ஓ.பி.எஸ். மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கின்றது.

வாங்குவோர் நோக்கவேண்டியவை சில உள. மாதிரி எண்ணின் இறுதியில் 'எஃப்' என்னும் எழுத்துள்ள இன்டெல் செயலிகளில் மேற்சொன்ன உறுப்பு பயன்படாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11 இயங்க, பெரும்பாலும் 2017இல் வெளிவரத் தொடங்கிய எட்டாந் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். நினைவகம் 8 கிகாபைட்டாயினும் இருத்தல் வேண்டும்; 16 இருப்பின் நன்று. மடிக்கணனியாயின் மின்தடையின்போது சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும்; ஆயின் இணையக் கருவிக்கும் மாற்று மின்சாரம் இல்லையெனில் அதனாற் பயனில்லை.

கணனி எத்துணைச் சிறந்ததாயினும், இணைய வழி குறுகியதாயின் ஒளிபரப்பு தடைப்படும். அனுப்பும் வேகம், ஒளிபரப்பின் அளவைப்போல் இருமடங்கேனும் இருத்தல் நலம். அது கிட்டாவிடில், 1280க்கு 720 புள்ளிகள் கொண்ட படத்தை விநாடிக்கு 30 இலட்சம் பிட்டில் அனுப்பலாம். கம்பியில்லா இணைப்பை விடக் கம்பி இணைப்பே நம்பத்தக்கது.

கணனியில் மிச்சமாகும் பணத்தை ஒலிக்குச் செலவிடுதல் அறிவுடைமை. தூரத்தில் நிற்கும் கமராவின் ஒலிவாங்கி, மண்டபத்தின் எதிரொலியையும் மின்விசிறியின் இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். ஆலயத்து ஒலிக்கலவைக் கருவியிலிருந்து நேரே கணனிக்கு ஒலியைக் கொண்டுவரின், பிரசங்கம் தெளிவாகக் கேட்கும். படம் சற்று மங்கினும் நேயர் பொறுப்பர். சொல் கேளாதாயின் எழுந்துவிடுவர்.

இறுதியாக ஒன்று. விலை பேசி முடிக்குமுன், வாரநாளொன்றில், வழிபாடு நீடிக்கும் அளவுக்கு முழு நேரமும் கணனியை ஓடவிட்டுப் பார்த்தல் வேண்டும். பத்து நிமிடம் நன்றாக இயங்கும் கணனி, ஒரு மணி நேரத்தில் சூடேறித் தடுமாறுவதுண்டு. அச்சோதனையை ஆலயத்திலிருந்து பார்த்தாற் போதாது. வரவியலாத அம்மூதாட்டியின் வீட்டிலிருந்து ஒருவர் பார்க்கவேண்டும். அங்கே வழிபாடு இறுதிவரை தடையின்றிக் கேட்குமாயின், அக்கணனி எவ்வளவு பழையதாயினும் அது ஏற்ற கணனியே.