தராசு யார் கையில்? நடுவர், விமர்சகர், நட்சத்திரம் பற்றி ஒரு சாதாரண ரசிகனின் பார்வை

2023 டிசம்பரில் ஒரு நாள், அக்கரப்பத்தனையில் எங்கள் பெரியம்மாவின் லயக் காம்பராவில் பதினைந்து பேராவது நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். வெளியே பனி. கூரைத் தகரத்தின் மேல் இருந்த டிஷ் அன்டெனாவை மழை நனைத்தால் படம் உறைந்துவிடும் என்பதால், பெரியப்பா அடிக்கடி வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஜீ தமிழ் தொலைக்காட்சியின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' இறுதிப்போட்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சிறுமி பாடி முடித்தாள். நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், ஒருவர் கண்ணைத் துடைத்தார். பெரியம்மா மட்டும் அசையவில்லை. "நல்லாத்தான் பாடுச்சு. ஆனா ரெண்டாவது அடியில மூச்சு வாங்கிருச்சு. அத ஒருத்தரும் சொல்லலயே" என்றார்.

அறையில் இருந்த இளசுகள் சிரித்தார்கள். "ஒங்களுக்கு என்னா தெரியும் பெரியம்மா, அவங்க எவ்வளவு பெரிய பாடகருங்க!"

பெரியம்மா முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்தவர். அவர் திரும்பிச் சொன்ன பதில் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "பெரியவங்கதான். ஆனா தராசு யாரு கையில இருக்குன்னு பாருடா தம்பி."

நான் ஊடகக் கற்கை படித்தவன். விமர்சனக் கோட்பாடுகள் பற்றிப் பரீட்சை எழுதியவன். பெரியம்மாவின் அந்தக் கேள்வியை அந்த நான்கு வருடத்தில் யாரும் அவ்வளவு நேராக என்னிடம் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

அந்த ஆண்டு ஏன் முக்கியம்?

2023 மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவை நினைவுகூர்ந்த ஆண்டு. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அப்போது ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா. 2021 இல் வர்த்தமானியில் வந்த தொகை அது. விலைவாசி அதற்குள் எங்கோ போயிருந்தது.

அதே ஆண்டில்தான் புசல்லாவ நயப்பன தோட்டத்துச் சிறுமி அசானி கனகராஜும், யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா உதயசீலனும் சென்னையின் அந்த மேடையில் பாடினார்கள். எங்கள் லயத்தில் அசானிக்காகப் பார்க்கத் தொடங்கினோம். கடைசியில் கில்மிஷாவுக்காகக் கைதட்டினோம். அந்தப் பருவத்தின் மகுடம் கில்மிஷாவுக்குக் கிடைத்தது.

1977 வன்முறைக்குப் பிறகு எங்கள் சித்தப்பா குடும்பம் மலையை விட்டு வன்னிக்குப் போனது. பிறகு 2009 வரை அவர்கள் பட்டதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்று கிளிநொச்சியிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் அழுதார். ஒரு பாட்டுப் போட்டிக்கு அவர் அழுததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால்தான் சொல்கிறேன், "இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு" என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இவ்வளவு பேர் மனம் வைக்கிற இடத்தில் தீர்ப்பு எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்வது தேவை.

நடுவர் வேறு, விமர்சகர் வேறு

தொலைக்காட்சி நடுவர் இசை தெரிந்தவராக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார். ஆனால் அவர் நிகழ்ச்சிக்கு வெளியே நின்று பேசுபவர் இல்லை. அவரும் நிகழ்ச்சியின் ஒரு பாத்திரம். அவருக்குச் சம்பளம் தருவது அலைவரிசை. அவர் சொன்னதில் எது ஒளிபரப்பாகும், எது வெட்டப்படும் என்று தீர்மானிப்பது படத்தொகுப்பு அறை. அவர் அழுவதும் எழுந்து நிற்பதும் அடுத்த வார முன்னோட்டத்துக்குத் தேவைப்படுகின்றன. அது பொய்க் கண்ணீர் என்று நான் சொல்லவில்லை. உண்மையான கண்ணீருக்கும் அங்கே ஒரு வேலை கொடுக்கப்படுகிறது என்கிறேன்.

விமர்சகரின் வேலை வேறு. தமிழில் அதற்கு நீண்ட மரபு உண்டு. கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் கச்சேரிகளைப் பற்றி எழுதினார். சுப்புடுவின் விமர்சனத்துக்குப் பெரிய வித்துவான்களே அஞ்சினார்கள். விகடன் திரைப்படங்களுக்கு மதிப்பெண் போட்டது. 1977 இல் வந்த '16 வயதினிலே' பெற்ற 62.5 மதிப்பெண்ணை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கு 62.5 என்பது ஒரு பெருமையாக இருந்த காலம் அது. இன்று எந்தப் பாட்டுக்கும் நூற்றுக்கு நூறுதான், எந்தப் படமும் 'வேற லெவல்'தான். எல்லோருக்கும் முழு மதிப்பெண் என்றால் மதிப்பெண்ணால் என்ன பயன்?

எங்கள் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் மலைத் தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. அந்த ஏலம் 1883 இல் தொடங்கியது. ஏலத்துக்கு முன் தேயிலைச் சுவைஞர்கள் ஒவ்வொரு மாதிரியையும் ருசி பார்ப்பார்கள். ஒரே அளவு தேயிலை, ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம் ஊறல். நிறம், மணம், காட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல். வாயில் எடுத்து, ருசித்து, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். நல்ல விமர்சகர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுகோல், ஒவ்வொரு குறைக்கும் ஒரு பெயர், மயங்கிவிடாத நாக்கு.

ஆனால் சுவைஞருக்கும் ஓர் எல்லை உண்டு. அந்தக் கொழுந்து எந்தச் சரிவில், எந்த மழையில், யார் கையால் பறிக்கப்பட்டது என்று கோப்பை அவருக்குச் சொல்லாது. அதை அறிந்தவர் பெரியம்மா. அதனால் இருவர் பேச்சும் வேண்டும் என்கிறேன்.

திரையரங்க வாசலில் ஒலிவாங்கி

2024 நவம்பரில் 'கங்குவா' வெளியானபோது தமிழ்நாட்டில் இந்த விவகாரம் பெரிதாக வெடித்தது. முதல் காட்சி முடிந்து வெளியே வந்த ரசிகர்களிடம் யூடியூப் அலைவரிசைகள் ஒலிவாங்கியை நீட்டின. சில மணி நேரத்துக்குள் படம் கேலிப்பொருளானது. நடிகை ஜோதிகா, சூர்யாவின் மனைவியாக அல்லாமல் ஒரு சினிமா ரசிகையாக எழுதுவதாகச் சொல்லி ஒரு பதிவிட்டார். முதல் அரை மணி நேரம் சரியாக அமையவில்லை, சத்தம் அதிகம் என்று ஒப்புக்கொண்டு, மற்ற நல்லவற்றை ஏன் யாரும் பேசவில்லை என்று கேட்டார்.

தயாரிப்பாளர் தரப்பு, திரையரங்க வளாகத்தில் யூடியூப் அலைவரிசைகளை அனுமதிக்க வேண்டாம் என்றது. வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனங்களுக்குத் தடை கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது. கருத்துச் சுதந்திரத்தைக் காரணம் காட்டி 2024 டிசம்பரில் நீதிமன்றம் அந்தத் தடையைக் கொடுக்க மறுத்தது. கேரளத்தில் இதே பிரச்சினை ஓராண்டு முன்பே உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. அங்கே நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், 48 மணி நேரம் பொறுத்து விமர்சிக்கலாம் என்று பரிந்துரைத்தார்.

என்னைக் கேட்டால், நீதிமன்றம் மறுத்தது சரி. அரை நாள் சம்பளத்துக்கு மேல் கொடுத்துப் படம் பார்க்கிற ஒருவரிடம் "மூன்று நாள் வாய் மூடு" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. படத்துக்கு முன் வரும் விளம்பரங்களுக்கும், நட்சத்திரப் பேட்டிகளுக்கும், 'ஆயிரம் கோடி வசூல்' பேச்சுகளுக்கும் எந்தத் தடையும் இல்லையே. புகழுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லாதபோது குறைக்கு மட்டும் ஏன்?

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. வாசலில் பிடிக்கப்படும் அந்த முப்பது வினாடிப் பேச்சு விமர்சனம் இல்லை, அது உடனடி உணர்ச்சி. நூறு பேரிடம் கேட்டு, காட்டமாகத் திட்டிய நான்கு பேரை மட்டும் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்பது அலைவரிசைக்குத் தெரியும். அங்கேயும் தராசு ரசிகர் கையில் இல்லை. தொகுப்பவர் கையில் இருக்கிறது.

எண்களும் இப்படித்தான் ஏமாற்றும். அமெரிக்காவில் 1998 இல் தொடங்கிய 'ரொட்டன் டொமேட்டோஸ்' தளம் ஒரு படத்துக்கு 90 சதவீதம் காட்டினால், படம் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் சாதகமாக எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். ஒன்பது பேரும் "ஒருமுறை பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தாலும் எண் 90 தான். ஐந்து பேரைப் பரவசப்படுத்தி ஐந்து பேரைக் கோபப்படுத்திய ஒரு துணிச்சலான படம் 50 உடன் நிற்கும்.

நட்சத்திரத்திடம் நாம் கேட்பது என்ன?

பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமா பற்றி எழுதும்போது ஒரு முக்கியமான விடயத்தைச் சுட்டிக்காட்டினார். சாதி பார்த்து ஒதுக்கிய சமூகத்தில், தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதல் அரங்கு திரையரங்குதான். எங்கள் லயங்களில் எம்.ஜி.ஆர். படம் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். கூரையில்லாதவர்களுக்கு அந்த இருட்டு மண்டபம் ஒரு கூரை. அந்த அன்பை 'பாமரத்தனம்' என்று சொன்ன படித்தவர்களோடு எனக்கு எப்போதும் சண்டை.

ஆனால் அன்பு எங்கே சுமையாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 ஒக்டோபரில், முத்தையா முரளிதரனின் வாழ்க்கைக் கதையான '800' படத்தில் விஜய் சேதுபதி நடிப்பதாக அறிவிப்பு வந்தபோது தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2009 பற்றி முரளிதரன் பேசியவை போரில் உறவுகளை இழந்தவர்களைக் காயப்படுத்தியிருந்தன. அந்தக் கோபம் நியாயமானது. அதே முரளிதரனின் தாத்தா தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அவர் குடும்பமும் இனவன்முறையில் பாதிக்கப்பட்டது. மலையகத்தில் பலருக்கு அவர் 'நம்ம புள்ள'. கடைசியில் முரளிதரனே கேட்டுக்கொள்ள, விஜய் சேதுபதி விலகினார். 2023 ஒக்டோபரில் வேறு நடிகரோடு படம் வந்தது.

அந்த நாட்களில் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு பக்கம். சித்தப்பா வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. பெரியப்பா வீட்டில் 2010 இல் அவர் 800ஆவது விக்கெட் எடுத்த செய்தித்தாள் மடித்து வைத்திருந்தது. எனக்கு இரண்டும் புரிந்தது. புரியாதது ஒன்றுதான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் நாங்கள் உட்கார்ந்து பேச வேண்டியதை ஏன் ஒரு நடிகரும் ஒரு பந்துவீச்சாளரும் எங்களுக்காகப் பேசி முடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம்?

2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் இசைநிகழ்ச்சி நடந்தது. கட்டணப் பகுதியைப் பிரித்த தடுப்புகளைத் தாண்டிக் கூட்டம் உள்ளே வர நிகழ்ச்சி இடையில் நின்றது. மறுநாள் முழுக்க "யாழ்ப்பாண ரசிகர்களுக்கு ஒழுக்கம் இல்லை" என்ற பேச்சு. தடுப்பை உடைத்தது தவறு, யாராவது நசுங்கியிருக்கலாம். ஆனால் நட்சத்திரங்களைக் காட்டிக் கூட்டத்தை வரவழைத்துவிட்டு, வந்தவர்களைத் தூரத்தில் நிறுத்தும் ஏற்பாட்டைப் பற்றியும் நாலு வார்த்தை பேசியிருக்க வேண்டும். ரசிகரைத் திட்டுவது எப்போதும் மலிவு.

எங்கள் வலி யாருடைய உள்ளடக்கம்?

மீண்டும் அந்த மேடைக்கு வருகிறேன். போட்டியாளரை அறிமுகப்படுத்தும்போது பாட்டுக்கு முன் கதை வரும். மலையகம் என்றால் லயம், கொழுந்துக் கூடை. வடக்கு என்றால் போர், இழப்பு. பின்னணியில் வயலின். இவை பொய் இல்லை. உலகத் தமிழர் பலர் 'தோட்டத்தில் இப்படித்தான் இருக்கிறார்களா' என்று கேட்டதே அந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான். அது நன்மைதான்.

ஆனால் ஒரு பிள்ளையின் குரலைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் எப்போதும் அதன் துயரத்தை மட்டும் பேசினால், அந்தப் பிள்ளையின் உழைப்பு மறைந்துவிடுகிறது. "பாவம்" என்பது மதிப்பெண் இல்லை. பெரியம்மா மூச்சு வாங்கியதைச் சொன்னது குறை கண்டுபிடிக்க இல்லை. அந்தப் பிள்ளையைப் பாடகியாக மதித்து, அதன் பாட்டைக் கவனமாகக் கேட்டதால் சொன்னார். நடுவர்களின் கண்ணீரை விட அந்த ஒரு வரியில் மரியாதை அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

அதே நாட்களில் சமூக ஊடகத்தில் சிலர் இரண்டு சிறுமிகளையும் வைத்து யாழ்ப்பாணமா மலையகமா என்று மோதினார்கள். சிறு பிள்ளைகளின் படங்களுக்குக் கீழே வளர்ந்தவர்கள் எழுதியவற்றை இங்கே திரும்ப எழுத மாட்டேன். பிரபலக் கலாசாரத்தின் மோசமான முகம் அது. நட்சத்திரமாக்குவதற்கு முன் அது ஒரு பிள்ளை என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆகவே ஒரு ரசிகனாக நான் எனக்கே வைத்துக்கொண்ட நாலு கேள்விகள் உண்டு. பேசுகிறவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? பாட்டைப் பற்றிப் பேசுகிறாரா, பாடியவரின் கதையைப் பற்றியா? பாராட்டோ குறையோ, ஒரு காரணமாவது சொல்கிறாரா? கடைசியாக, நான் இதை எழுதினால் அந்தப் பிள்ளை ஒருநாள் வாசிக்கும்போது என்ன நினைக்கும்?

போன மாதம் ஊருக்குப் போனபோது பெரியம்மாவிடம் அன்று சொன்ன தராசு பற்றிக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "நாங்க கொழுந்து நிறுக்கையில தண்ணிக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோன்னு கழிப்பாங்க. கேட்டா அரைப்பேருதான் போடுவாங்க. அதுனால தராசு முள்ள பாக்குறதுக்கு முந்தி நிறுக்கிறவன் மூஞ்சியப் பாத்துருவேன். பழகிப்போச்சு."

பிறகு தொலைக்காட்சியைப் போட்டார். புதிய பருவம் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு ஊர்ப் பையன் பாடினான். நடுவர்கள் எழுந்து நின்றார்கள்.

"இவன் நல்லா பாடுறான்" என்றார் பெரியம்மா. "சுருதி நிக்குது."