கூகுளில் கிடைப்பதெல்லாம் இலவசமா? வடிவமைப்பாளர்கள் அறிந்திருக்க வேண்டியவை

நோன்பு காலம் நெருங்கிவிட்டால் நமது ஊர்களில் உள்ள வடிவமைப்பாளர்களுக்கு ஓய்வே இருப்பதில்லை. இப்தார் அழைப்பிதழ், பெருநாள் மலிவு விற்பனைப் போஸ்டர், மத்ரஸா பட்டமளிப்பு விழா பெனர், கடைக்கான பொதி உறை என்று வேலை குவிகிறது. "நாளைக் காலைக்குள் வேண்டும்" என்று வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அவசரப்படுத்துவார். உடனே கூகுளைத் திறந்து, பிறை என்றோ பள்ளிவாசல் என்றோ தேடி, கண்ணுக்கு அழகாகப் பட்ட படத்தை எடுத்துப் போட்டுவிடுவது பலரின் வழக்கம்.

அந்தப் படத்தை வரைந்தவர் எங்கோ ஒரு நாட்டில் இருக்கிறார். அது அவருடைய உழைப்பு. கூகுள் அதைக் காட்டுகிறதே தவிர, அதன் உரிமையாளர் கூகுள் அல்ல.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு சித்திரம் வரையப்பட்ட கணத்திலிருந்தே அதற்குப் பதிப்புரிமை உண்டு. எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. வரைந்தவரின் ஆயுட்காலமும், அவர் மறைந்த பின் 70 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். மார்க்க ரீதியாகவும் இதில் தெளிவு இருக்கிறது. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு போன்றவற்றின் உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறுவது கூடாது எனத் தீர்மானித்தது. ஆக, இது ஹக்குல் இபாத், அதாவது அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்ட விடயம்.

உலக ரீதியான பாதிப்பும் உண்டு. இன்று எமது இளைஞர்கள் பலர் வீட்டிலிருந்தவாறே பைவர், அப்வேர்க் போன்ற தளங்கள் மூலம் வெளிநாட்டவருக்கு வேலை செய்கிறார்கள். உரிமையில்லாத ஒரு படத்தால் வாடிக்கையாளருக்கு இழப்பீட்டுக் கடிதம் வந்தால், வருடக் கணக்கில் கட்டியெழுப்பிய நற்பெயர் ஒரே நாளில் போய்விடும்.

இதற்குத் தீர்வு விலை கொடுத்து வாங்குவது மட்டுமல்ல. முறையாக இலவசமாகக் கிடைப்பவை ஏராளம். ஆனால் "இலவசம்" என்ற சொல்லுக்குள் மூன்று வகை இருப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, சொந்தப் பாவனைக்கு மட்டும் இலவசம். கிரியேட்டிவ் கொமன்ஸ் அனுமதியில் 'என்சீ' என்ற எழுத்துகள் இருந்தால் வர்த்தகப் பாவனைக்கு அனுமதி இல்லை. கடைப் போஸ்டருக்கு அது உதவாது.

இரண்டாவது, வர்த்தகத்திற்கும் இலவசம், ஆனால் வரைந்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். 'பீவை' என்ற குறி இதைத்தான் சொல்கிறது. பிரீபிக், பிளாட்டிகன் ஆகியவற்றின் இலவசக் கணக்குகளும் இந்த வகையே. எம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

மூன்றாவது, வர்த்தகத்திற்கும் இலவசம், பெயர் குறிப்பிடவும் தேவையில்லை. இதில் மிகத் தெளிவானது 'சீசீ சீரோ'. படைத்தவர் தன் பதிப்புரிமையை முற்றாக விட்டுக்கொடுத்ததற்கான அடையாளம் அது.

இந்த மூன்றாவது வகையை எங்கே தேடுவது?

ஓபன்கிளிப்ஆர்ட் தளத்தின் சித்திரங்களும், ஓபன் பீப்ஸ் என்ற மனித உருவச் சித்திரத் தொகுப்பும் சீசீ சீரோ வகையைச் சேர்ந்தவை. அன்டுரோ தளத்தில் அலுவலகம், கல்வி, வியாபாரம் சார்ந்த சித்திரங்கள் உண்டு. அவற்றின் நிறத்தை உங்கள் நிறுவனத்தின் நிறத்துக்கேற்ப மாற்றியே பதிவிறக்கலாம். பிக்சபேயிலும் பெயர் குறிப்பிடத் தேவையில்லை. ஆனால் அங்குள்ள படத்தை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே போஸ்டராக அச்சிட்டு விற்கக் கூடாது.

எமக்கு மிகவும் பயன்படக்கூடிய, ஆனால் பலர் அறியாத இடம் நூதனசாலைகள். நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் நூதனசாலை 2017 பெப்ரவரியில் மூன்றே முக்கால் இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை சீசீ சீரோவாகத் திறந்துவிட்டது. கிளீவ்லாண்ட் நூதனசாலை 2019இலும், சுமித்சோனியன் நிறுவனம் 2020இலும் அதே வழியில் சென்றன. ஈரானிய ஓடுகள், துருக்கியின் இஸ்னிக் பீங்கான் பூ வேலைப்பாடுகள், கம்பள வடிவங்கள் எல்லாம் அங்கே தெளிவான படங்களாக உள்ளன. தேடும்போது 'ஓபன் அக்சஸ்' என்ற தெரிவை இட்டுக்கொள்ளுங்கள். உருவப்படங்கள் வேண்டாம் என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இதைவிடச் சிறந்த சேகரிப்பு கிடைக்காது.

இங்கே ஓர் அவதானம். பழைய கிண்ணத்திலோ ஓட்டிலோ உள்ள அரபு எழுத்து குர்ஆன் வசனமாக இருக்கலாம். அதைச் சாப்பாட்டுப் பொதியின் உறையில் அச்சிட்டால் அது குப்பைக்குத்தான் போகும். சட்டம் அனுமதித்தாலும் அதபு அனுமதிக்காது. வாசிக்கத் தெரிந்த ஒரு மௌலவியிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இன்னும் சில விடயங்கள். அனுமதிகள் மாறக்கூடியவை. முன்னர் சீசீ சீரோவாக இருந்த அன்ஸ்பிளாஷ் 2017இலும், பிக்சபே 2019இலும் தமக்கென வேறு நிபந்தனைகளை வகுத்துக்கொண்டன. எனவே பதிவிறக்கும் நாளிலேயே அனுமதிப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து, அந்த வேலையின் கோப்புறையிலேயே சேமித்து வையுங்கள். நாளை யாராவது கேட்டால் அதுவே உங்கள் ஆதாரம்.

இலவசச் சித்திரத்தை ஒரு கடையின் இலச்சினையாக ஆக்காதீர்கள். அதே படத்தை அடுத்த தெருக் கடைக்காரரும் எடுக்கலாம். தனியுரிமை கோர முடியாது. கென்வாவின் சித்திரங்களைக் கொண்டு செய்த இலச்சினையையும் வியாபாரக் குறியாகப் பதிவு செய்ய அதன் நிபந்தனைகள் இடமளிப்பதில்லை. இலச்சினையை நீங்களே வரையுங்கள், அதற்குரிய கூலியையும் கேட்டு வாங்குங்கள்.

பிறர் வேலையைத் தன்னுடையது என்று ஏற்றிவிடுவோரும் இத்தளங்களில் உண்டு. சந்தேகம் வந்தால் அந்தப் படத்தையே கூகுளில் இட்டுத் தேடிப் பாருங்கள். வேறொருவரின் பெயரில் விற்பனைக்கு இருந்தால் விட்டுவிடுங்கள்.

சூரத்துல் மாஇதாவின் முதல் வசனம் உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. படத்தின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் அனுமதியும் ஓர் உடன்படிக்கைதான். அதை வாசிக்க இரண்டு நிமிடம் போதும். நாம் உழைக்கும் பணம் ஹலாலாக இருக்க வேண்டும் என்று விரும்பும் எமக்கு அந்த இரண்டு நிமிடம் பெரிய விலையல்ல.