குஞ்சுத் தொட்டிக்குப் பாம்பு நுழையாத வலை மூடி



நம் தருமபுரி மாவட்டத்தில் மானாவாரி நிலம் அதிகம். மழை ஏமாற்றினாலும் வீட்டுக் கைச்செலவுக்கு உதவுவது நாட்டுக்கோழிதான். இப்போது பலர், தண்ணீர் தேக்காமல் சும்மா கிடக்கும் பழைய சிமெண்டுத் தொட்டியில் உமி பரப்பிக் குஞ்சு வளர்க்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் மேலே என்ன மூடுகிறோம்? ஒரு கோணிச் சாக்கு, ஒரு பழைய தகரம், அதன் மேல் ஒரு கல். இது போதவே போதாது.

நம் பக்கத்தில் வரப்பெல்லாம் கல் அடுக்கு. வீட்டை ஒட்டிச் சோளத்தட்டுப் போர். சிந்திய தீனிக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். வந்த பாம்பு ஒரு குஞ்சை விழுங்கிவிட்டால் வயிறு பருத்துவிடும். நுழைந்த சந்து வழியே திரும்ப முடியாமல் தொட்டிக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். விடியலில் இருட்டோடு தீனி வைக்கக் கையை விடுகிற வீட்டுப் பெண்ணுக்குத்தான் கடி விழும். போவது குஞ்சு மட்டுமில்லை, ஆளே போய்விடலாம். 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

கனம் முக்கியமில்லை, சந்துதான் முக்கியம்

செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. வனத்துறை அனுமதியோடு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, பிறகு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் பயன்படுகிறது. அதுவரை பாம்பை எதில் வைக்கிறார்கள் தெரியுமா? சாதாரண மண் பானையில்! பானை வாயில் பருத்தித் துணி, அதைச் சுற்றி இறுக்கமாக ஒரு கயிறு. அவ்வளவுதான் மூடி. காற்று போகும், பாம்பு போகாது.

இதிலிருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பாம்பு மூடியைத் தூக்கிப் போட்டு வருவதில்லை. தலை நுழைகிற சந்தைத் தேடி வருகிறது. ஆகவே நம் மூடிக்குக் கனம் தேவையில்லை. விளிம்பில் சந்து இல்லாமலும், காற்றோட்டத்தோடும் இருக்க வேண்டும்.

தேவையான சாமான்கள்

தொட்டி மேல்வாய் 6 அடி நீளம், 3 அடி அகலம், உயரம் 2 அடி என்று வைத்துக் கொள்வோம். இதில் 30 குஞ்சுகளை முதல் நாலு வாரம் தாராளமாக வளர்க்கலாம். 2 அங்குல அகலம், 1 அங்குலக் கனமுள்ள ரீப்பர் 42 அடி வேண்டும். நடுக்கட்டைக்கு 3 அங்குல அகலப் பலகை 3 அடி. வலையை அமுக்க மெல்லிய மரப் பட்டை 24 அடி. கால் அங்குலக் கண் உள்ள இரும்புக் கம்பி வலை 3 அடி அகலத்தில் ஆறரை அடி. கீல் நாலு, கொக்கி நாலு, ஸ்குருக்கள், பழைய சைக்கிள் டியூப் இரண்டு. அவ்வளவுதாங்க.

கோழி வலை என்று கடையில் கொடுக்கும் ஒரு அங்குல அறுகோணக் கண் வலையை வாங்காதீர்கள். அது கோழியை உள்ளே வைக்கும், பாம்பை வெளியே வைக்காது. மீன் வலை, நைலான் வலையும் வேண்டாம். பாம்பு அதில் சிக்கிக் கொள்ளும். அதை எடுக்கப் போகிறவர் கடி வாங்குவார்.

செய்யும் முறை

முதலில் தொட்டிச் சுவரின் மேல் விளிம்பைச் சிமெண்டு பூசி, ரசமட்டம் வைத்துச் சமன் செய்யுங்கள். சிமெண்டு ஈரமாக இருக்கும்போதே 18 அடி ரீப்பரில் செய்த அடிச்சட்டத்தை அதன் மேல் பதித்துவிட வேண்டும். நடுவில் குறுக்காக 3 அங்குலப் பலகையைப் பொருத்துங்கள். 6 அடிக்கு ஒரே மூடியாகப் போட்டால் நாளடைவில் நடுவில் தொய்யும், தூக்கவும் சிரமம். 3 அடிச் சதுரத்தில் இரண்டு கதவாகப் போட்டால் அது இல்லை. ஒரு பக்கம் திறக்கும்போது குஞ்சுகள் மறுபக்கம் ஒதுங்கிக் கொள்ளும் என்பது கூடுதல் வசதி.

கதவுச் சட்டம் கோணலாக இருந்தால் மூலையில் சந்து விழும். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக, ஏறத்தாழ 4 அடி 3 அங்குலம் வர வேண்டும்.

வலையைச் சட்டத்தின் மேல்பக்கம் வைத்து அடிக்க வேண்டும். வெளியிலிருந்து எது அழுத்தினாலும் வலை சட்டத்தோடு இன்னும் ஒட்டும். அடிப்பக்கம் வைத்து அடித்தால், அழுத்த அழுத்த ஆணி பிடுங்கிக் கொண்டு வரும். வலை ஓரத்தின் மேல் பட்டையை வைத்து, 4 அங்குலத்துக்கு ஒரு ஸ்குரு போடுங்கள். கம்பி முனை வெளியே நீட்டினால் கையைக் கிழிக்கும். பட்டைக்குள் மறைத்துவிடுங்கள்.

கீலை மரத்தில் குடைந்து பதிக்க வேண்டும். மேலோட்டமாக அடித்தால் கீலின் கனத்துக்கே பின்பக்கம் சந்து வந்துவிடும். அடிச்சட்டம், நடுக்கட்டை இரண்டின் மேலும் சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி ஒட்டுங்கள். மூடினால் மெத்தென்று அமுங்கிச் சந்தை அடைத்துக் கொள்ளும். ஒவ்வொரு கதவுக்கும் முன்பக்கம் இரண்டு மூலையிலும் கொக்கி வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் போட்டால் மூலை தூக்கும். கீரியும் பூனையும் அங்கேதான் நெம்பும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பென்சிலை எடுத்து விளிம்பைச் சுற்றிலும் நுழைத்துப் பாருங்கள். பென்சில் நுழைகிற இடம் பாம்புக் குட்டிக்கு வாசல். அதை அடைத்த பிறகுதான் குஞ்சை விட வேண்டும்.

மறந்துவிடும் இரண்டு இடங்கள்

மூடியை இத்தனை பாடுபட்டுச் செய்துவிட்டு, தொட்டியின் அடியில் தண்ணீர் வடியும் துவாரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். மீதியுள்ள அரை அடி வலையை அங்கே வைத்துச் சிமெண்டு பூசிவிடுங்கள். இன்னொன்று, பல்பு ஒயர் போகும் துளை. ஒயர் பருமனுக்கு மேல் துளை போடாதீர்கள். பல்பு உமிக்கும் மர மூடிக்கும் நடுவே, இரண்டுக்கும் ஒரு அடி தூரத்தில் தொங்க வேண்டும். நெருங்கினால் தீப்பிடிக்கும்.

குளிர் என்று மூடி முழுவதும் பிளாஸ்டிக் தாள் போர்த்தாதீர்கள். எச்சத்தின் நெடி உள்ளேயே நின்று குஞ்சுக்குக் கண் எரியும், மூச்சு முட்டும். பாதி மூடிக்குச் சாக்கு போட்டு, மறுபாதியைக் காற்றுக்கு விடுங்கள். தொட்டி கூரைக்கு அடியில் இருந்தால் மழைச்சாரலுக்கும் பயமில்லை, மரமும் பல வருஷம் உழைக்கும்.

தினசரிப் பழக்கம்

மூடி நன்றாக இருக்கிறதே என்று கண்ணை மூடிக் கொண்டு கை விடக் கூடாது. முதலில் டார்ச் அடித்து வலை வழியாகவே உள்ளே பாருங்கள். பிறகு திறங்கள். சிந்திய தீனியைக் கூட்டிவிடுங்கள். விறகு, கல், தட்டுப் போர் இவற்றைத் தொட்டியை விட்டுத் தள்ளி வையுங்கள். வாரம் ஒரு முறை பென்சில் சோதனை செய்யுங்கள்.

தப்பித் தவறி உள்ளே பாம்பைக் கண்டால், கொக்கியைப் போட்டுவிட்டு விலகி நின்று, வனத்துறைக்கோ 101-ல் தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள். பாம்பை அடிப்பதும் பிடித்து வைப்பதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிக்கப் போய்க் கடிபட்டவர்களும் உண்டு.

யாருக்காவது கடித்துவிட்டால் கடிவாயைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்கப் போய் நேரம் கடத்தாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கையை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். அங்கே விஷமுறிவு ஊசி போடுவார்கள்.

ஒரு தச்சரை வைத்தால் ஒரே நாளில் முடிகிற வேலை இது. கை வேலை தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்து கொள்ளலாம். அடுத்த ஈடு குஞ்சு பொரிக்கும் முன்பே மூடியைச் செய்து வைத்துவிடுங்கள். குஞ்சும் பிழைக்கும், தீனி வைக்கிற கையும் பிழைக்கும்.