இருபது கிலோ என்னும் எல்லைக்கோடு

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை ஆந்திர எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்பாக, கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் இடையில் உள்ள எளாவூர் ஒருங்கிணைந்த சோதனைச்சாவடி, தமிழ்நாட்டுக்குள் கஞ்சா நுழையாமல் காக்க வேண்டிய முதல் வாசல்களில் ஒன்று. இந்த வாசலுக்கு இணையாகவே கூடூரிலிருந்து வரும் இருப்புப்பாதை ஓடுகிறது. மேற்கே ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி வழியாக ஆந்திரத்துக்குச் செல்லும் சாலைகள் வேறு இருக்கின்றன. ஒரு வாசலில் காவலைக் கூட்டினால் சரக்கு இன்னொரு வாசலைத் தேடிக்கொள்ளும் என்பது திருவள்ளூர் மாவட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும். ஆயினும் போதைப்பொருளுக்கு எதிரான போர் என்று அழைக்கப்படும் கொள்கை, இத்தகைய வாசல்களில் நடக்கும் பிடிப்புகளையே தன் வெற்றிக்குக் கணக்காகக் காட்டிவருகிறது.

கஞ்சா விளைவது திருவள்ளூரில் அன்று. ஆந்திர–ஒடிசா எல்லையில், பாடேரு, சிந்தப்பள்ளி, மல்கான்கிரி, கோராபுட் பகுதிகளில் உள்ள கிழக்குத் தொடர்ச்சி மலையின் உட்சரிவுகளில், வேறு எந்தப் பயிரும் இத்தனை பணம் தராத நிலையில் பழங்குடி உழவர்கள் அதைப் பயிரிடுகிறார்கள். முன்பணமும் விதையும் கொடுக்கும் வணிகர்கள் வெளியூர்க்காரர்கள். 2021ஆம் ஆண்டு இறுதியில் ஆந்திரக் காவல்துறை 'பரிவர்த்தனா' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பயிரை வெட்டி அழித்தது. 2022 பிப்ரவரியில், அதுவரை பல வழக்குகளில் பிடிபட்டுச் சேர்ந்திருந்த சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சாவை அனகாப்பள்ளி அருகே குவித்து எரித்தது. அதே காலத்தில், 2021 டிசம்பரில் தொடங்கி, தமிழ்நாட்டுக் காவல்துறை 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்ற நடவடிக்கையை 1.0, 2.0 என்று எண்ணிட்டுத் தொடர்ந்து நடத்தியது. ஒரு வேட்டை முற்றும் வெற்றி பெற்றிருந்தால் அடுத்த எண்ணுக்கு வேலை இருந்திருக்காது. 2022இல் மாநிலம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட போதைப்பொருள் வழக்குகள் பதிவாகி, 28 டன் அளவுக்குக் கஞ்சா பிடிபட்டது. அதாவது சராசரியாக ஒரு வழக்குக்கு மூன்று கிலோவுக்கும் குறைவு. இந்தச் சராசரிக்குப் பின்னால் சில பெரிய லாரிப் பிடிப்புகளும், பேருந்து நிலையத்திலும் தொழிற்பேட்டை வாசலிலும் பொட்டலத்தோடு பிடிபட்ட மிகப் பலரும் இருக்கிறார்கள்.

பிடிபட்டவர் என்ன ஆவார் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தராசுதான். 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டு, கஞ்சாவை ஒழிக்க அது தந்திருந்த 25 ஆண்டு அவகாசம் முடிவதற்குள், 1985 நவம்பரில் இந்தியா போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டத்தை, அதாவது வழக்கமாக என்.டி.பி.எஸ். சட்டம் என்று சுருக்கி வழங்கப்படுவதை, நடைமுறைக்குக் கொண்டுவந்தது. (பிரிட்டிஷ் அரசே அமைத்த இந்திய கஞ்சா ஆணையம் 1893–94இல் நாடெங்கும் சாட்சியம் கேட்டு, மிதமான பயன்பாட்டால் பெருங்கேடு இல்லை, முழுத் தடை வேண்டாம் என்று எழுதிவைத்தது அப்போது யாருக்கும் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.) தொடக்கத்தில் ஒரு பொட்டலத்துக்கும் ஒரு லாரிக்கும் ஏறத்தாழ ஒரே தண்டனை என்றிருந்த கொடுமையை 2001ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றி, எடையை அளவுகோலாக வைத்தது. கஞ்சாவில் 1 கிலோ வரை 'சிறிய அளவு', 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு', இடைப்பட்டது நடுத்தரம். ஹெராயினுக்கு இந்த எல்லைகள் 5 கிராமும் 250 கிராமும். சிறிய அளவுக்கு இன்று ஓராண்டு வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. வணிக அளவுக்குக் குறைந்தது பத்து ஆண்டு, அதிகம் இருபது ஆண்டு.

எனவே, பத்தொன்பதரைக் கிலோவுக்கும் இருபதரைக் கிலோவுக்கும் இடையிலான ஒரு கிலோவில் ஒரு மனிதரின் வாழ்நாளில் பத்து ஆண்டு அடங்கியிருக்கிறது. வழித்தடத்தில் வரும் கஞ்சா பெரும்பாலும் அழுத்தி, பழுப்பு நிற ஒட்டுநாடா சுற்றிய இரண்டு கிலோப் பண்டல்களாக வருகிறது. பத்துப் பண்டலோடு பிடிபட்டவர் கோட்டுக்கு இப்பால் நிற்கிறார், பதினொன்றோடு பிடிபட்டவர் அப்பால் போய்விடுகிறார். பையின் எடை கழிக்கப்பட்டதா, நாடா பிரிக்கப்பட்டதா, தண்டும் விதையும் சேர்த்து நிறுத்தப்பட்டதா என்பவை இங்கே உயிர்நாடியான கேள்விகள். வழக்குகள் ஏன் அடிக்கடி 21, 22 கிலோவில் வந்து நிற்கின்றன என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் நெடுநாளாக ஐயம் எழுப்பிவருகிறார்கள். பண்டல் கணக்கே அதற்கு ஓரளவு விடை சொல்லக்கூடும். ஆனால் கோடு அத்தனை கூர்மையாக இருக்கும்போது தராசைப் பிடிக்கும் கையின் மீது ஐயம் எழுவதைத் தடுக்க முடியாது. கலப்படப் பொருளில் போதைச் சரக்கின் எடையை மட்டும் கணக்கிட வேண்டும் என்று 2008இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2020இல் ஹீரா சிங் வழக்கில் அதை மாற்றி, கலந்துள்ள மற்றப் பொருளையும் சேர்த்தே மொத்த எடையைக் கொள்ள வேண்டும் என்றது.

தராசில் ஏறிய சரக்கு பின்னர் என்ன ஆகிறது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2020இல் சென்னை மெரினாவில் 22 கிலோ கஞ்சாவுடன் இருவர் கைதான வழக்கில், ஆய்வுக்கும் நீதிமன்றத்துக்குமாக 100 கிராம் மட்டும் வந்து சேர்ந்தது, மீதி 21.9 கிலோவையும் எலிகள் தின்றுவிட்டன என்று காவல்துறை தெரிவித்தது. 2023 ஜூலையில் இருவரும் விடுதலை ஆனார்கள். செய்தித்தாள்கள் எலிகளைப் பற்றிச் சிரித்துவிட்டுப் போயின. அவ்விருவரும் குற்றம் செய்திருந்தால் சட்டம் தோற்றது, செய்யவில்லை என்றால் அவர்கள் மீது கிட்டத்தட்ட மூன்று ஆண்டு வழக்குச் சுமை ஏற்றப்பட்டது. எலிகள் இரண்டில் எதையும் தெளிவாக்கவில்லை.

சாதாரணக் குற்றவியல் சட்டத்தில் ஜாமீன் இயல்பு, சிறை விலக்கு. என்.டி.பி.எஸ். சட்டத்தின் 37ஆம் பிரிவு வணிக அளவு வழக்குகளில் இதைத் தலைகீழாக்குகிறது: குற்றம்சாட்டப்பட்டவர் குற்றவாளி அல்லர் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே வந்தால் குற்றம் எதுவும் செய்ய மாட்டார் என்றும் நீதிமன்றம் விசாரணைக்கு முன்பே மனநிறைவு அடைந்தால்தான் ஜாமீன். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய மற்றக் குற்றங்களில் 60 அல்லது 90 நாள் என்றால், இங்கே 180 நாள். கேட்டுப் பெற்றால் ஓராண்டு. சரக்கு கையில் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், அறியாமல் வைத்திருந்தேன் என்பதை மெய்ப்பிக்கும் சுமை குற்றம்சாட்டப்பட்டவர் மீது விழுகிறது. 37ஆம் பிரிவை எழுத்துக்கு எழுத்து படித்தால் யாருக்குமே ஜாமீன் கிடைக்காது என்பதை உச்ச நீதிமன்றமே 2023 மார்ச்சில் முகமது முஸ்லிம் வழக்கில் சுட்டிக்காட்டி, ஏழு ஆண்டுக்கு மேல் விசாரணைக் கைதியாக இருந்த ஒருவரை விடுவித்தது. ஏழு ஆண்டு கழித்து வரும் ஜாமீனையும் சுதந்திரத்தின் கணக்கில் எழுத வேண்டியிருப்பது வேதனைதான்.

இந்தக் கடுமைக்கு ஈடாகச் சட்டம் சில காப்புகளை வைத்திருக்கிறது. 50ஆம் பிரிவின்படி, ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், குற்றவியல் நடுவர் அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை அவருக்கு உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் எடுத்த சரக்கை வைத்துத் தண்டிக்க முடியாது. ஆனால் இந்தக் காப்பு உடலுக்குத்தான், கையில் உள்ள பைக்கு அன்று என்பது நீதிமன்றங்களின் முடிவு. கஞ்சாவோ பையில்தான் வருகிறது. இனி, மொழித் தடையும் உண்டு: கும்மிடிப்பூண்டி சிப்காட் உருக்காலைகளிலும் தேர்வாய்கண்டிகைத் தொழிற்பூங்காவிலும் வேலை செய்வோரில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று வந்தவர்கள். ஒடியா மட்டுமே அறிந்த ஒருவரிடம் தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்தோ கைரேகையோ பெற்றுக்கொண்டால், உரிமை காகிதத்தில் சொல்லப்பட்டிருக்கும், காதில் விழுந்திருக்காது. மகஜர் என்னும் கைப்பற்றுகைக் குறிப்பு, வாக்குமூலம் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். வாக்குமூலத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கு ஒன்றே நாடு முழுமைக்கும் நன்மை செய்தது: தோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 2020 அக்டோபர் 29 அன்று, போதைப்பொருள் அதிகாரிகளிடம் 67ஆம் பிரிவின் கீழ் கொடுக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை அத்தகைய வாக்குமூலங்களின் பேரில் சிறைக்குச் சென்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவார் இல்லை.

வழக்கு வலுவில்லாவிட்டாலும் ஒருவரை உள்ளே வைக்கத் தமிழ்நாட்டில் இன்னொரு வழி இருக்கிறது. குண்டர் சட்டம் என்று மக்கள் அழைக்கும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம், சாராயக்காரர், குண்டர் ஆகியோருடன் 'மருந்துச் சரக்குக் குற்றவாளி' என்ற வகையையும் சேர்த்து, மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ கையெழுத்திட்ட ஆணையின் பேரில் ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்க இடம் தருகிறது. தடுப்புக் காவல் என்பது செய்த குற்றத்துக்கான தண்டனை அன்று, செய்யக்கூடும் என்ற அச்சத்தின் பேரில் அடைப்பது. ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமைகூட இதில் கிடையாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகளில் தடுப்புக் காவலில் தமிழ்நாடு பலமுறை முதலிடம் பிடித்திருக்கிறது. இந்த ஆணைகளில் பலவற்றை உயர் நீதிமன்றம் ரத்து செய்கிறது என்பது உண்மை. ரத்தாவதற்குள் பல மாதங்கள் புழல் சிறையில் கழிந்துவிடுகின்றன என்பதும் உண்மை. இதற்கு மேல், கைதானவரின் உறவினர் வங்கிக் கணக்கும் முடக்கப்படலாம். கடத்தல் பணம் மனைவி பெயரிலும் மைத்துனர் பெயரிலும் பதுங்குவது வழக்கம் என்பதால் இது காரணமற்றதும் அன்று. ஆனால் தினக்கூலியின் தாய்க்கு மாதம் வரும் ஓய்வூதியமும் அதே கணக்கில்தான் விழுகிறது.

தொழிற்பேட்டைச் செய்திகளில் அண்மைக் காலமாக அடிபடும் 'கஞ்சா சாக்லேட்' இந்தச் சட்டத்தின் இன்னொரு முடிச்சைக் காட்டுகிறது. வட மாநிலத் தொழிலாளர் குடியிருப்பை ஒட்டிய பெட்டிக்கடைகளில் பிடிபடும் இந்த உருண்டைகளில் பல, உத்தரப் பிரதேசம் போன்ற இடங்களில் பாங்கு என்ற பெயரில் உரிமம் பெற்ற கடைகளிலேயே விற்கப்படும் இலைச்சரக்கைக் கொண்டு செய்யப்படுபவை. என்.டி.பி.எஸ். சட்டத்தின் வரையறைப்படி கஞ்சா என்பது செடியின் பூத்த அல்லது காய்த்த நுனி. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. இதைக் காட்டி 2022இல் கர்நாடக உயர் நீதிமன்றம் பாங்கு வழக்கில் கைதானவருக்கு ஜாமீன் அளித்தது. தமிழ்நாட்டின் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இலையையும் போதைப்பொருளாகவே கொள்வதால் விற்றவர் தப்பிவிட முடியாது, எனினும் அதன் தண்டனை வேறு. உருண்டைக்குள் இருப்பது இலையா நுனியா என்பதை வேதிச் சோதனை மட்டும் எளிதில் சொல்லிவிடாது. ஊரில் மிட்டாய் போல வாங்கித் தின்றதை இங்கே பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் அலுப்புக்கு வாங்கியவர், தான் எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறார் என்பதை அறிய நாளாகும்.

போர் வெல்கிறதா என்ற கேள்விக்கு வருவோமானால், கஞ்சா கிடைப்பது கடினமானதும் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் இளைஞர்கள் சிலர் டேபென்டடால் போன்ற வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றத் தொடங்கியது ஒரு கசப்பான விடை. புகைப்பதைக் காட்டிலும் இது பல மடங்கு ஆபத்தானது. சாராயத்தை ஒடுக்கிய இடத்தில் மெத்தனால் புகுந்து, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதும் இதே வகை. இந்த வேட்டைகளை நடத்தும் அதே அரசு டாஸ்மாக் மதுக்கடைகளையும் நடத்துகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது: 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி இந்தியாவில் மது அருந்துவோர் 14.6 விழுக்காடு, கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் பாங்கையும் சேர்த்து 2.8 விழுக்காடு.

கடுமை போதவில்லை என்போர் சிங்கப்பூரைக் காட்டுவார்கள். அங்கே தங்கராஜூ சுப்பையா என்ற தமிழர் 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்ததற்காக 2023 ஏப்ரல் 26 அன்று தூக்கிலிடப்பட்டார். திருவள்ளூரில் அதே பொட்டலம் 'சிறிய அளவை' 18 கிராமால் தாண்டிய ஒரு வழக்கு மட்டுமே. இலங்கையில் 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் சில வாரங்களிலேயே பல்லாயிரம் பேர் கைதாக, ஐ.நா. மனித உரிமை வல்லுநர்கள் கண்டனம் தெரிவித்தனர். மறுபுறம் போர்ச்சுகல் 2001இல், சொந்தப் பயன்பாட்டுக்கான பத்து நாள் அளவை வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி, பிடிபட்டவரை நீதிமன்றத்துக்குப் பதில் அறிவுரைக் குழுவுக்கு அனுப்பியது. விற்பனை அங்கேயும் குற்றம்தான். இந்தியச் சட்டத்திலும் இதன் சாயல் இல்லாமல் இல்லை: போதைக்கு அடிமையானவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், சிறிய அளவு வழக்கிலிருந்து அவருக்கு விலக்கு உண்டு என்கிறது 64ஏ பிரிவு. இருபது கிலோவின் கோடு காவல் நிலையம்தோறும் அறிந்தது. இந்தப் பிரிவை அறிந்து கேட்கும் தொழிலாளியைக் காண்பது அரிது.

கூடூர் மார்க்கமாக வரும் நீண்டதூர ரயில்களில் சோதனை நடக்கும்போது அடிக்கடி கிடைப்பது, இருக்கைக்கு அடியிலோ கழிப்பறை ஓரத்திலோ கிடக்கும் 'உரிமை கோரப்படாத' பை. கொண்டுவந்தவர் நான்கு பெட்டி தள்ளி, காவலர் பையைத் தூக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். கூலிக்குச் சரக்கு சுமந்து வந்த 'குருவி'தான் அவரும். மறுநாள் செய்தியில் ரயிலின் பெயர், சரக்கின் எடை, மதிப்பு, பிடித்த குழுவினரின் பெயர் எல்லாம் இருக்கும். மலையிலிருந்து அதை அனுப்பியவர் பெயரும், இறங்கும் நிலையத்தில் அதற்காகக் காத்திருந்தவர் பெயரும் அதில் இருப்பதில்லை.