குளிரூரில் நிற்கும் வேனுக்கு எவ்வளவு கரண்ட்?

கொழும்பிலிருந்து பலாங்கொடை, ஹல்துமுல்லை தாண்டிப் பெரகல ஏற்றம் ஏறி வரும் கேம்பர் வேனுக்கு ஓடும் வரை கவலையில்லை. ஓடும் இன்ஜின் பின்பக்கப் பெட்டரியையும் நிரப்பிக்கொண்டே வரும். பண்டாரவளையில் நிறுத்திய பிறகுதான் சிக்கல். உயரம் 1,200 மீட்டருக்கு மேல். அந்தி சாய்ந்ததும் குளிர் ஏறும். வந்தவர்கள் முதலில் தேடுவது சுடுதண்ணியை. இன்வர்ட்டருக்கு ஆகவே ஆகாதது அதுதான்.

இன்வர்ட்டர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. பெட்டரியின் 12 வோல்ட் நேரோட்டத்தை வீட்டில் வரும் 230 வோல்ட் ஆடலோட்டமாக மாற்றித் தருகிறது, அவ்வளவே. 2,000 வாட் கேத்தலைச் செருகினால் பெட்டரியிலிருந்து 180 ஆம்பியர் அளவுக்கு உறிஞ்சும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பெட்டரி அதைத் தாங்காது. வோல்ட் சரிந்து, தண்ணீர் கொதிக்குமுன் இன்வர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடும். இந்த உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதெல்லாம் பெரிய சலுகையல்ல. வயர் மெல்லியதாக இருந்தால் கேத்தலுக்கு முன் அது சூடாகும். பெட்டரி முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் வைப்பது அதற்காகத்தான். தேத்தண்ணிக்கு கேஸ் அடுப்பே போதும்.

இந்தக் கணக்கு தோட்டத்துப் பெரியவர்களுக்குப் புதிதல்ல. லயங்களுக்குக் கரண்ட் வராத காலத்தில் கறுப்பு வெள்ளை டீவி கார் பெட்டரியில்தான் ஓடியது. பெட்டரியைச் சுமந்து டவுனுக்குப் போய் சார்ஜ் ஏற்றி வருவார்கள். படம் முடியுமுன் திரை ஓரங்களில் சுருங்க ஆரம்பித்தால் பெட்டரி இறங்குகிறதென்று பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த டீவி 12 வோல்ட்டை நேரே எடுத்துக்கொண்டது. இடையில் இன்வர்ட்டர் இல்லை. வேனில் பல்ப், போன் சார்ஜர், சின்னக் குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் அப்படியே ஓட்டலாம். சும்மா போட்டுவைத்த இன்வர்ட்டரே 15 வாட் தின்னும். பத்து மணி நேர இரவில் 150 வாட்-மணி. ஒரு லீட்டர் தண்ணீர் கொதிக்க அவ்வளவு கூடத் தேவையில்லை!

கடையில் 3,000 வாட் பெட்டியைக் காட்டி ஆசை மூட்டுவார்கள். லெப்டொப்புக்கும் கமரா சார்ஜருக்கும் 300 வாட் தாராளம். ஆனால் தூய சைன் அலை தருவதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவானவற்றின் படிக்கட்டு அலையில் மோட்டார்கள் உறுமும், சூடேறும். மிச்சமாகும் காசை லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரியில் போடலாம். ஈயப் பெட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியத்தில் எண்பது வீதம் வரை எடுக்கலாம்.

சோலர்? ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றும் ஜூலை–செப்டெம்பர் வறட்டுக் காற்றுக் காலத்தில் கொண்டாட்டம்தான். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும்போது கூரைப் பலகையை நம்பி நாலு நாள் நிற்கக்கூடாது.

2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுக்க 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்ட காலத்தில் இன்வர்ட்டர் வீடுகளுக்குள்ளும் வந்தது. வேனின் இன்வர்ட்டரிலிருந்து வயர் இழுத்து வீட்டுச் சுவர் பிளக்கில் செருகிப் பார்க்கச் சிலருக்குக் கை துறுதுறுக்கும். செய்யவே கூடாது. உங்கள் 230 வோல்ட் வெளியே கம்பிக்கு ஏறும். கரண்ட் இல்லையென்று நம்பி மின்கம்பி ஊழியர் அங்கே ஏணியில் நிற்பார். வீட்டு வயரிங்கோடு இணைக்க மாற்றுச் சுவிட்ச் வேண்டும், அதைப் பொருத்துவது எலெக்ட்ரீஷியன் வேலை. அது இல்லாவிட்டால் ஜன்னல் வழியே தனி வயர் விட்டு, பல்பையும் சார்ஜரையும் அதிலேயே மாட்டிக்கொள்ளலாம்.